குளவி அடைத்த குழாய்: மருந்தடிக்கும் விமானங்களின் மானிகள் பற்றி

1921 ஓகஸ்ட் 3ஆம் திகதி, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு மரத்தோப்பின் ஓரமாகப் பழைய இராணுவப் பயிற்சி விமானம் ஒன்று திரும்பத் திரும்பப் போய் வந்தது. ஓட்டியவர் லெப்டினன்ட் ஜோன் மக்றெடி. தோப்பில் நின்றவை கற்றல்பா மரங்கள். புழுக்கள் அவற்றின் இலைகளைத் தின்று மொட்டையடித்துக்கொண்டிருந்தன. விமானத்தின் பக்கவாட்டில் ஒரு தொட்டி கட்டப்பட்டிருந்தது. எற்றியென் டொர்மோய் என்ற பொறியியலாளர் அதன் கைபிடியைச் சுற்றச் சுற்ற, ஈய ஆர்சனேற் தூள் கீழே கொட்டியது. காற்று அந்தத் தூளைத் தோப்புக்குள் கொண்டுபோனது. விமானம் பறந்த உயரம் 30 அடி அளவுதான். சில நாட்களில் புழுக்கள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. விமானத்தால் பயிருக்கு மருந்தடிக்கும் வரலாறு இந்தத் தோப்பிலிருந்துதான் வழக்கமாகத் தொடங்கப்படுகிறது.

அடுத்த மாதம் 28ஆம் திகதி இதே மக்றெடி இன்னொரு விமானத்தில் ஏறி உலக உயரச் சாதனை ஒன்றைச் செய்தார். திறந்த கொக்பிட், உறைய வைக்கிற குளிர். அவருக்கு முன்னால் இருந்த உயரமானி 40,000 அடிக்கும் மேல் காட்டியது. இறங்கிய பிறகு கருவிகளைச் சரிபார்த்துக் கணக்குப் போட்டபோது, அதிகாரபூர்வமாக அவருக்குக் கிடைத்தது 34,500 அடி அளவு. முள் ஐயாயிரம் அடிக்கும் மேல் கூட்டிச் சொல்லியிருந்தது. அதுக்காக அந்த உயரமானி பழுது எண்டு சொல்ல ஏலாது. உயரமானி உண்மையில் உயரத்தை அளக்கிறதே இல்லை. அது வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அந்த அழுத்தம் வழக்கமாக எந்த உயரத்தில் இருக்குமோ அதைச் சொல்லும். அன்றைய காற்று வழக்கமான காற்றாக இல்லாவிட்டால் அது சொல்கிற உயரமும் பிழைக்கும்.

இரண்டு பறப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒன்றில் உயரமானிதான் எல்லாம். மற்றதில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 30 அடியில் பறக்கிறவனுக்குக் கண்தான் உயரமானி. கம்பியும் மரமும் வரும் திசையில் இருந்து பார்வையை எடுத்து முள்ளைப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை. அப்படியெண்டால் மருந்தடிக்கும் விமானத்தின் கொக்பிட்டில் மானிகள் எதற்கு? அவை யாருக்காக எதை அளந்தன?

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஒரு ஆளுக்கு வேகமானியோட என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். ஒரு ஆவணம் கையில் கிடைத்தால் அதை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். மானியும் அப்படி ஒரு ஆவணம்தான். பேப்பருக்குப் பதிலாகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒகையோவுக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1922இல் லூசியானாவின் டலூலா என்ற ஊரில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடம், பருத்திக் காயைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக விமானத்தில் இருந்து கல்சியம் ஆர்சனேற் தூவிப் பார்த்தது. வேலை செய்தது. அதை வியாபாரமாக்க 1920களின் நடுப்பகுதியில் ஹஃப் டலண்ட் டஸ்ரர்ஸ் என்ற நிறுவனம் கிளம்பியது. 1928இல் அதை வாங்கியவர்கள் டெல்ரா என்று பெயர் மாற்றினார்கள். இன்றைக்குப் பெரிய ஜெற் விமானங்களில் ஆக்களை ஏற்றிப் பறக்கிற டெல்ரா எயார்லைன்ஸின் வேர் பருத்தி வண்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தொழிலே மாறியது. போருக்காகக் கட்டிய ஸ்ரேர்மன் பயிற்சி விமானங்கள் ஆயிரக்கணக்கில் மிச்சமாகி மலிவுக்கு விற்கப்பட்டன. இரட்டை இறக்கை, சீலை போர்த்திய உடல், முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு இருக்கை. வாங்கியவர்கள் முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மருந்துத் தொட்டியை வைத்தார்கள். 220 குதிரைவலு எஞ்சினை இறக்கிவிட்டு 450 குதிரைவலு எஞ்சினைப் பூட்டினவர்களும் உண்டு. விமானி பின் இருக்கையில் இருந்து ஓட்டினார். தொட்டியில் இருந்து கசியும் தூளும் துளியும் நேரே அவர் முகத்துக்குத்தான் வந்தன. மானிகளுக்கும்தான்.

அந்த மானிகள் எவை? பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கிற சின்ன விமானத்துக்குச் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். வேகமானி, உயரமானி, திசைகாட்டி, எஞ்சினின் சுற்றுவேகத்தைக் காட்டும் மானி, ஒயில் அழுத்தம், ஒயில் வெப்பம், எரிபொருள் அளவு. சுழலும் சில்லை வைத்து இயங்கும் செயற்கை அடிவானம் போன்றவற்றை மருந்தடிக்கிறவர்கள் பெரும்பாலும் வைப்பதில்லை. முகிலுக்குள் போகாதவனுக்கு அது தேவையும் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கருவிகள் காற்றை உறிஞ்சித்தான் சில்லைச் சுற்றும். மருந்துத் தூள் கலந்த காற்று உள்ளே போனால் பொறுக்கிகள் விரைவில் தேய்ந்துவிடும்.

பட்டியலை இன்னொருக்காப் பாருங்கோ. ஏழில் நாலு எஞ்சினைப் பற்றியது. மிச்சம் மூன்றில் உயரமானி தாழப் பறக்கும்போது உதவாது, திசைகாட்டி ஊர்விட்டு ஊர் போகும்போதுதான் வேண்டும். விமானியின் உயிரோடு நேரடியாகக் கொழுவி இருப்பது வேகமானி ஒன்றுதான்.

ஏனெண்டு சொல்கிறேன். வயலின் கடைசியில் கம்பிகளுக்கு மேலால் எழும்பி, திரும்பி, அடுத்த வரிசைக்குள் இறங்க வேண்டும். இதை ஒரு காலையில் நூறு தடவைக்கு மேல் செய்ய வரலாம். திரும்பும்போது வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இறக்கைக்குத் தாங்கும் சக்தி இல்லாமல் போகும். விமானம் கல்லு மாதிரி விழும். 30 அடியில் இருந்து மீட்டெடுக்க இடம் இல்லை. அந்த அளவும் நிலையானது இல்லை. தொட்டி நிறைந்திருக்கும்போது அது கூட, தொட்டி வெறுமையாகும்போது குறைய. அனுபவமுள்ள விமானிகள் அதை இருக்கையிலும் கைபிடியிலும் உணர்வார்கள். ஆனால் குறுகிய மண் ஓடுபாதையில் முழுப் பாரத்தோடு ஓடும்போது, எழும்புமா எழும்பாதா, தொட்டியைத் திறந்து முழுவதையும் கொட்டிவிடுவதா என்று சில விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அப்போது எவ்வளவு அனுபவசாலியும் முள்ளைப் பார்ப்பார்.

அந்த முள்ளுக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. ஆன்றி பிற்றோ என்ற பிரெஞ்சுக்காரர் 1732இல் பாரிஸில் ஓடும் சேன் ஆற்றின் வேகத்தை அளக்க, வளைந்த குழாய் ஒன்றை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். ஓட்டம் கூடினால் குழாய்க்குள் நீர் உயரும். அதே உபாயம்தான் இறக்கையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் இருந்து மோதும் காற்றின் அழுத்தம் ஒரு குழாயாலும், பக்கத்தில் சும்மா இருக்கும் காற்றின் அழுத்தம் இன்னொரு துளையாலும் உள்ளே வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முள் வேகமாகக் காட்டும். மின்சாரம் தேவையில்லை. பழுதாகக்கூடிய பாகம் எண்டு பெரிசாக ஒன்றும் இல்லை.

ஆனால் குளவிக்குக் குழாய் என்றால் ஆசை. மண்ணால் கூடு கட்டும் குளவிக்குச் சரியான விட்டத்தில், மழை படாத, ஒரு பக்கம் மூடிய வீடு அது. பண்ணை ஓரத்தில், வெட்டவெளியில், ஒரு கிழமை சும்மா நின்ற விமானத்தில் அது குடியேறிவிடும். பிறகு ஓடுபாதையில் விமானம் எவ்வளவு ஓடினாலும் முள் எழும்பாது. அதைவிட மோசம் பாதி அடைப்பு. முள் எழும்பும், ஆனால் மெதுவாக எழும்பும், பிந்திச் சொல்லும். முழுக்க அடைந்து உள்ளே காற்று சிறைப்பட்டால் இன்னும் விசித்திரம் நடக்கும். மேலே ஏற ஏற வெளி அழுத்தம் குறைகிறதால், வேகம் கூடுகிறது எண்டு முள் சொல்லும். அதை நம்பி விமானி வேகத்தைக் குறைப்பார்.

சின்ன விமானத்துக்குத்தானே இந்தப் பிரச்சினை எண்டு நினைக்க வேண்டாம். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் இருந்து கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானம் குழாய்க்கு உறை போடாமல் நின்றது. குளவிக் கூடுதான் குழாயை அடைத்திருக்கும் என்று விசாரணை சந்தேகித்தது. அதே வருடம் ஒக்ரோபரில் பெருவில் இன்னொரு 757 விழுந்தது, 70 பேர். அங்கே அடைத்தது குளவி இல்லை. விமானத்தைக் கழுவித் துடைத்தவர்கள் தண்ணீர் போகாமல் பக்கத் துளைகளில் ஒட்டிய ரேப்பை உரிக்க மறந்துவிட்டார்கள்.

இந்த இரண்டாவது கதை மருந்தடிக்கும் விமானத்துக்கு இன்னும் கிட்டவானது. பயணிகள் விமானத்தைத் தினமும் கழுவுவதில்லை. மருந்தடிக்கும் விமானத்தை வேலை முடிந்ததும் கழுவித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் மருந்தும் உரமும் உலோகத்தை அரித்துவிடும். நியூசிலாந்தில் 1940களின் கடைசியில் விமானப்படை விமானங்களை வைத்து மலைச்சரிவுப் புல்வெளிகளுக்கு சூப்பர் பொஸ்பேற் தூவும் சோதனைகள் தொடங்கின. பிறகு அது அந்த நாட்டின் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அந்த உரம் ஈரம் பட்டால் அமிலம். கழுவாமல் விட்டால் அரிக்கும், கவனமில்லாமல் கழுவினால் தண்ணீர் மானிகளின் குழாய்க்குள் போகும். பராமரிக்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் வேலை செய்கிறார்.

அவர் ஒவ்வொரு நாளும் பார்க்கிறவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. விமானியின் பெயராவது எங்காவது பதிவாகும். மெக்கானிக்கின் கை எதிலும் பதிவாவதில்லை.

ஒயில் அழுத்த மானியை எடுங்கோ. எஞ்சினில் இருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் நேரே மானிக்கு வரும். உள்ளே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று இருக்கும். எஜேன் பூர்டோன் என்பவர் 1849இல் உரிமம் எடுத்த உபாயம் அது. அழுத்தம் கூடினால் வளைவு நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் தள்ளும். எஞ்சினின் சூடான ஒயில்தான் விமானியின் முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் குழாயில் எங்கோ தேய்ந்து ஓட்டை விழுந்தால் முள் விழும், ஒயிலும் கொக்பிட்டுக்குள் பீச்சும். அதனால் குழாய் எந்த இடத்தில் எதோடு உரசுகிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் வெப்பத்தைக் காட்டும் மானி வேறு ஜாதி. இரண்டு வகை உலோகக் கம்பி சேரும் இடத்தில் சூடு பட்டால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும், முள் அதைக் காட்டும். கம்பி நீளமாக இருக்கிறது எண்டு ஒரு ஒழுங்கான மனுசன் வெட்டிக் குறைத்துக் கட்டினால் மானி பிழையாகக் காட்டத் தொடங்கும். கம்பியின் தடையும் சேர்த்துத்தான் அளவு கணிக்கப்பட்டிருக்கிறது. வடிவாகத் தெரிய வேண்டுமென்று செய்கிற வேலை அளவைக் கெடுக்கும்.

சுற்றுவேகமானிக்கு எஞ்சினில் இருந்து சுழலும் கம்பிவடம் ஒன்று வரும். எங்கள் ஊர் பழைய மோட்டார் சைக்கிள்களின் வேகமானி வயர் மாதிரித்தான். மடிந்தால், காய்ந்தால், முள் ஆடும். ஆடுகிற முள்ளை விமானி கொஞ்ச நாளில் பழகிவிடுவார். அதுதான் ஆபத்து. சில எஞ்சின்களில் குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் தொடர்ந்து ஓடினால் அதிர்வால் சுழலி பலவீனமாகும், அந்த இடத்தில் சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள். முள் பிழையாகக் காட்டினால் விமானி அந்தப் பட்டைக்குள் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

திசைகாட்டியைச் சரிபார்க்க விமானத்தையே 30 பாகை 30 பாகையாகச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் பிழை எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டுவார்கள். உருக்குச் சட்டத்தில் எங்காவது மின்சாரத்தால் ஒட்டுவேலை செய்தால் சட்டமே காந்தமாகிவிடும், திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எனக்கு அந்த அட்டை மிகவும் பிடித்திருக்கிறது. தான் எவ்வளவு பிழை என்பதைத் தானே எழுதி ஒட்டிக்கொண்டிருக்கும் சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொரு சின்ன விஷயம். பச்சை வளைவு, சிவப்புக் கோடு எல்லாம் சில மானிகளில் முகப்பில் இல்லாமல் மேலிருக்கும் கண்ணாடியில்தான் வரையப்பட்டிருக்கும். அதிர்வில் கண்ணாடி கொஞ்சம் சுழன்றுவிட்டால்? முள் சரியாகத்தான் நிற்கும், ஆனால் சிவப்புக் கோடு இடம் மாறியிருக்கும். அதனால் கண்ணாடியில் தொடங்கி மானியின் உடலில் முடியும்படி ஒரு வெள்ளைக் கோடு போடுவார்கள். கோடு முறிந்து தெரிந்தால் கண்ணாடி நகர்ந்துவிட்டது. முள்ளைச் சந்தேகிக்க எல்லோருக்கும் தெரியும். எல்லைக் கோட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்று யோசித்த அந்தப் பெயர் தெரியாத ஆளை நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

இவ்வளவையும் செய்கிற மெக்கானிக் மானியைத் திறக்கக் கூடாது. அமெரிக்க விதிப்படி சாதாரண உரிமம் உள்ள மெக்கானிக் எஞ்சினைக் கழற்றிப் பூட்டலாம், இறக்கையைச் சீலை மாற்றலாம், ஆனால் கருவிகளைப் பழுது பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. கழற்றி, பொதி செய்து, அதற்கென்று உரிமம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நடுப்பருவத்தில், பூச்சி பரவிக்கொண்டிருக்கும்போது, ஒரு மானிக்காக விமானத்தை நிறுத்தி வைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? சட்டம் சரியானதுதான். ஆனால் அது ஆடுகிற முள்ளோடு இன்னும் இரண்டு நாள் பறக்கச் சொல்லும் அழுத்தத்தையும் கூடவே உண்டாக்குகிறது.

மானிகள் இன்னொரு விதத்திலும் ஆக்களைக் கொன்றன. ஹியூ டிஹேவன் என்பவர் 1917இல் விமானப் பயிற்சியில் இருந்தபோது விபத்தில் சிக்கி உயிர்தப்பினார். வயிற்றுக்குள் ஏற்பட்ட காயங்களுக்குத் தன் இருக்கைப் பட்டியின் கொளுக்கிதான் காரணம் என்று அவருக்குப் பட்டது. விபத்தில் ஆளைக் கொல்வது எது என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1942இல் நியூயோர்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காயங்களை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தப்பியிருக்கக்கூடிய பல விபத்துகளில், இடுப்புப் பட்டி மட்டும் போட்டிருந்த விமானியின் தலை முன்னால் போய் மானிப் பலகையில் மோதியதைப் பார்த்தார்கள். உயிரைக் காக்க வைத்த கண்ணாடியும் இரும்பும்தான் மண்டையை உடைத்தன.

இதைக் காதில் போட்டுக்கொண்டவர் ஃபிரெட் வீக். ரெக்சாஸ் மாநிலத்தின் ஏ அண்ட் எம் கல்லூரியில் 1950இல் அவர் ஏஜி-1 என்ற விமானத்தைப் பறக்க வைத்தார். விவசாயத்துக்கென்றே முதலில் இருந்து யோசித்து வரைந்தது. விமானி உயரமாக இருப்பார், மூக்கு சரிந்து இறங்கும், அதனால் முன்னால் வரும் கம்பி தெரியும். விழுந்தால் முன்பகுதி படிப்படியாக நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தோளுக்கும் பட்டி. அந்த வழியில் வந்த பைப்பர் போனி விமானம் 1959 முதல் 5000க்கும் மேல் விற்றது. விமானிகளின் உயிரை எந்த மானியையும்விட அந்தத் தோள்பட்டி கூடக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தையும், இயந்திரம் விழுந்தால் ஆளுக்கு என்ன நடக்கும் என்பதையும் பற்றியது. இயந்திரம் விழாமலே ஆளுக்கு நடந்தது வேறு.

1940களின் கடைசியில் பரதியோன் போன்ற பொஸ்பரசு நஞ்சுகள் சந்தைக்கு வந்தன. ஜேர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் கண்டுபிடித்த குடும்பம், போரில் பாவிக்கும் நரம்பு நஞ்சுகளுக்கு நெருங்கிய சொந்தம். தோலாலேயே உள்ளே போகும். எங்கள் நரம்புகள் ஒரு கட்டளையைக் கொடுத்த பிறகு அதை நிறுத்துவதற்கு கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியம் வேண்டும். இந்த நஞ்சுகள் அந்த நொதியத்தை முடக்கும். வியர்வை, வயிற்றுப்பிரட்டல், கண்மணி சுருங்குதல். கடைசியைக் கவனியுங்கோ. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில்தான் மருந்தடிப்பார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கினால் கம்பி தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் துளி பட்டு அந்தக் கண்மணி சுருங்கிய விமானிகளுக்குத் தூரம் பிழையாகத் தெரிந்ததை 1950களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். 30 அடியில் கண்தான் உயரமானி என்று முதலில் சொன்னேன். அந்த உயரமானியைத்தான் மருந்து கெடுத்தது, மெக்கானிக் வந்து பார்க்க முடியாத இடத்தில். விபத்து அறிக்கையில் இப்படியான ஒன்று விமானியின் தவறு என்றே பதிவாக வாய்ப்பிருந்தது. ஒக்லஹோமாவில் இருந்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மருத்துவ ஆய்வு நிலையம் 1960களில் இதை ஆராயத் தொடங்கியது.

இந்த நஞ்சுக்கும் ஒரு மானி உண்டு: இரத்தம். ஆனால் கோலினெஸ்ரரேஸ் அளவு ஆளுக்காள் வித்தியாசம். ஒருவருக்கு இயல்பானது இன்னொருவருக்குக் குறைவு. எனவே பருவம் தொடங்க முதல், மருந்தைத் தொட முதல், ஒவ்வொருவருடைய சொந்த அளவையும் எடுத்து எழுதி வைக்க வேண்டும். திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டை மாதிரி. கலிபோர்னியா மாநிலம் 1974இல் இந்தப் பரிசோதனையைத் தொழிலாளருக்குக் கட்டாயமாக்கியது. அந்த விதிகளின்படி அளவு சொந்த அடிப்படையின் 80 வீதத்துக்குக் கீழே இறங்கினால் முதலாளி வேலைமுறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணுவில் 70 வீதத்துக்கோ குருதிநீரில் 60 வீதத்துக்கோ இறங்கினால் ஆளை மருந்தில் இருந்து விலக்க வேண்டும், திரும்ப 80க்கு ஏறும்வரை. ஒயிலுக்குப் பச்சை வளைவும் சிவப்புக் கோடும் முதல் நாளில் இருந்து இருந்தன. ஆளின் இரத்தத்துக்கு அந்தக் கோட்டைப் போட ட்ரோய் தோப்பில் இருந்து 53 வருடம் எடுத்தது, அதுவும் ஒரு மாநிலத்தில்.

விமானியை விடக் கூட நஞ்சு பட்டவர்கள் தரையில் நின்றவர்கள். தொட்டியில் மருந்தை ஊற்றிக் கலக்குகிறவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் கொடி பிடிக்கிறவர்கள். விமானி எந்த வரிசை வரைக்கும் அடித்தார் என்று அவருக்குத் தெரிய, வயலின் இரு கரையிலும் ஆள் நின்று கொடி காட்ட வேண்டும். விமானம் அவரை நோக்கியே வரும். அது வந்து சேர முதல் சில அடி நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். ஒரு காலை முழுக்க இதுதான் வேலை. அவரும் ஒரு வழிகாட்டும் கருவிதான், பராமரிப்பு அட்டவணை இல்லாத கருவி.

அவரை வயலில் இருந்து எடுத்தது இன்னொரு கருவி. 1990களில் ஜிபிஎஸ் வந்தது. விமானியின் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக்கு வெளியே மூக்கின் மேல், வரிசையாகச் சின்ன விளக்குகள். நடுவிளக்கு எரிந்தால் சரியான வரிசை. இடப்பக்கம் எரிந்தால் விலகிவிட்டாய். குனிந்து பார்க்கத் தேவையில்லை. மருந்தடிக்கும் விமானங்களின் நூறு வருடத்தில் தரையில் நின்ற மனிதனுக்கு உண்மையாக நன்மை செய்த கருவி எண்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அதை வாங்கியவர்கள் கொடிபிடிப்பவரின் நுரையீரலை நினைத்து வாங்கினார்களா, அவருடைய சம்பளத்தை நினைத்து வாங்கினார்களா என்பது வேறு கதை.

பரதியோன் எங்களுக்கும் தூரத்துச் சங்கதி இல்லை. இலங்கையில் அது 1984இல் தடைசெய்யப்பட்டது. எங்கள் வயல்களில் மருந்து வானத்தில் இருந்து விழவில்லை, முதுகில் தொங்கும் தாங்கியில் இருந்து வந்தது. அடிக்கிறவர் தான் அடித்த இடத்துக்குள்ளேயே நடந்தும் போகிறார். அவருக்கு முன்னால் ஒரு மானியும் இல்லை, அவருடைய அடிப்படை அளவை எழுதி வைத்த அட்டையும் இல்லை. அந்த நஞ்சை நாங்கள் "மருந்து" எண்டுதான் சொல்கிறம். இந்தக் கட்டுரை முழுக்க நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கடலுக்கு அந்தப்பக்கம் வானத்தில் இருந்தே விழுந்தது. கேரளத்தின் காசர்கோட்டில் அரசின் தோட்டக் கூட்டுத்தாபனம் 1970களின் கடைசியில் இருந்து 2000 வரை மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கு ஹெலிகொப்ரரில் எண்டோசல்பான் அடித்தது. தோட்டங்களுக்கு இடையில் வீடுகளும் ஓடைகளும் இருந்தன. நோயோடு பிறந்த பிள்ளைகளின் படங்கள் வெளியே வந்து, வழக்குகள் நடந்து, 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நஞ்சை நாடு முழுக்க நிறுத்தியது. இலங்கை 1998இலேயே அதைத் தடை செய்திருந்தது. அந்த ஹெலிகொப்ரர்களின் மானிகள் எல்லாம் சரியாகவே வேலை செய்திருக்கலாம். முள்கள் எல்லாம் பச்சைக்குள் நின்றிருக்கலாம்.

இப்போது வரும் விமானங்களில் ஜிபிஎஸ் போன பாதையை முழுவதும் பதிவு செய்கிறது. எங்கே தெளிப்பு திறந்தது, எங்கே மூடியது, எல்லாம் கோடு கோடாக. அயல் தோட்டக்காரர் தன் பயிர் கருகிவிட்டது என்று முறைப்பாடு செய்தால் அந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள். விமானம் எங்கே போனது என்று அது சொல்லும். துளி எங்கே போனது என்பதற்குக் காற்று தெரிய வேண்டும். அதற்கு விமானிகள் நீண்ட காலமாக எஞ்சின் புகைபோக்கிக்குள் கொஞ்சம் ஒயிலை விட்டு, கிளம்பும் வெள்ளைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பார்த்தார்கள். இன்றைக்கும் பார்க்கிறார்கள். சில விமானங்களில் இறக்கைக்குக் கீழே காற்றின் திசையையும் வேகத்தையும் பறக்கும்போதே அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஒரு சின்னக் கோல், முனையில் சில துளைகள், பிற்றோவின் அதே உபாயம். இரவில் அதற்கும் மறக்காமல் உறை போட வேண்டும்.